புளியந்தீவு, கோட்டைமுனைப் பழைய வீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டில் குடியிருப்பவர்களும், திருத்த நினைப்பவர்களும், வாங்க வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் உண்டு. மட்டக்களப்பு நகரத்துப் பழைய வீடுகளில் பல வயதானதால் கெடவில்லை, கட்டிய முறை தெரியாமல் திருத்தியதால்தான் கெட்டன. அதனால் வரலாற்றையும் வேலை முறையையும் சேர்த்தே எழுதியிருக்கிறோம்.

பழைய குடியிருப்பு என்றால் எந்தப் பகுதி?

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்குள் கிடக்கும் சிறு தீவு புளியந்தீவு. பாலத்தைக் கடந்தால் கோட்டைமுனை. கோட்டை, பழைய கச்சேரி (அரச அதிபர் அலுவலகம்), பழைய தேவாலயங்கள், ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கின்றன. உத்தியோகத்தர், ஆசிரியர், வழக்கறிஞர், வணிகர் வீடுகளும் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்தோர்) வீடுகளும் இவற்றைச் சுற்றி எழுந்தவை. இங்கே சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களைப் பற்றியது. கல்லாறு, காரைதீவு, அக்கரைப்பற்று போன்ற தெற்குக் கரையோர ஊர்களையும் தேவையான இடத்தில் தொட்டிருக்கிறோம்.

எங்கள் வீடு போர்த்துக்கேயர் காலத்தது என்று சொல்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

அநேகமாக இருக்காது. போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை எழுப்பியது 1628இல். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியது 1638 மே மாதத்தில். இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டை இதுதான். ஆக, இங்கே போர்த்துக்கேயர் ஆண்டது பத்தே ஆண்டு. அதன்பின் 1795 வரை ஒல்லாந்தர், அதற்குப் பிறகு பிரித்தானியர். இன்று நிற்கும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை பிரித்தானியர் காலத்தில், அதிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை கட்டப்பட்டவை.

தடித்த சுவர், தூண் வைத்த முன் விறாந்தை, தாழ இறங்கும் ஓட்டுக்கூரை ஆகியவை ஒல்லாந்தர் காலத்தில் நிலைபெற்ற பாணி. பிரித்தானியர் காலத்திலும் அதே பாணியில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாணியை மட்டும் பார்த்துக் காலத்தைச் சொன்னால் நூறு, நூற்றைம்பது ஆண்டு பிசகும்.

அப்படியானால் வீட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே அடையாளத்தை நம்பக் கூடாது. கூரை, ஆணி, சுவர், நிலம் (வீட்டுத் தளம்), உறுதி (காணிப் பத்திரம்) என்று ஐந்தையும் பார்த்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன என்று தேட வேண்டும்.

முதலில் ஓடு. அரைவட்டப் பீலி ஓடுதான் பழையது. தட்டையாக ஒன்றோடொன்று கொளுவிக் கிடப்பது மங்களூர் ஓடு. இங்கே கலிக்கட் ஓடு என்பார்கள். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல்தான். ஒரு ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள், முத்திரை இருக்கும். பாசல் மிஷன் என்றிருந்தால் 1865க்குப் பிந்தியது. கொமன்வெல்த் என்றிருந்தால் முதலாம் உலகப் போருக்குப் பிந்தியது, ஏனென்றால் அந்தப் போருக்குப் பிறகே தொழிற்சாலை அந்தப் பெயருக்குக் கைமாறியது. ஆனால் ஓடு சொல்வது கூரையின் வயதை மட்டுமே. பீலி ஓட்டை இறக்கிவிட்டுக் கலிக்கட் ஓடு போட்ட வீடுகள் நிறைய உண்டு. அவற்றில் சுவர் கூரையைவிட மூத்தது. சுவர் உச்சியில் பழைய கைமரம் (கூரையின் சாய்வு மரம்) உட்கார்ந்த குழிகள் இப்போதைய கைமரத்தோடு பொருந்தாமல் கிடந்தால் கூரை மாறியிருக்கிறது.

அடுத்தது ஆணி. நாற்சதுரமாக, தலை ஒழுங்கில்லாமல் இருப்பது கொல்லன் அடித்தது. உருண்டைக் கம்பி ஆணி பிற்காலத்தது. நிலை (கதவுச் சட்டம்), கதவு, தீராந்தி (குறுக்கு உத்தரம்) ஆகியவற்றில் முதலில் அடித்த ஆணியைப் பாருங்கள். பின்னால் ஒட்டுப்போட்டபோது அடித்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சுவரில் கண்ணில் படாத ஒரு மூலையில் பூச்சைச் சிறிது கிளறுங்கள். செங்கல்லும் சுண்ணச்சாந்துமா, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) கலந்திருக்கிறதா, சீமெந்தா? சாந்து நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்து வெள்ளையாக இருந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறமாகக் கல்லாக நின்றால் சீமெந்து. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை தொடங்கியது 1950இல். அதற்கு முன் சீமெந்து இறக்குமதிச் சரக்கு, வசதி உள்ளவர்கள் நிலத்துக்கும் தூணுக்கும் மட்டும் அளந்து செலவழித்தது. சுவர் முழுவதும் சுண்ணச்சாந்தாகவும், நிலம் மட்டும் சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய சீமெந்தாகவும் இருந்தால், நிலம் பிறகு போட்டதாக இருக்கலாம்.

கடைசியாக உறுதி. பழைய உறுதியில் எல்லையை ‘வடக்கே இன்னார் வளவு, கிழக்கே ஒழுங்கை’ என்று எழுதியிருக்கும். ‘வளவும் அதிலுள்ள கல்வீடும்’ என்ற சொற்கள் முதன்முதலாக எந்த ஆண்டு உறுதியில் வருகின்றன என்று பாருங்கள். அதற்கு முந்திய உறுதியில் தென்னந்தோட்டம் என்று மட்டும் இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வீடு எழுந்திருக்கிறது. இதைவிட உறுதியான சான்று வேறில்லை.

இந்த வீடுகள் ஏன் இப்படி அமைக்கப்பட்டன?

இரண்டு காற்றுகளை மனதில் வைத்துக் கட்டிய வீடுகள் இவை. வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும். நவம்பரிலிருந்து ஜனவரிவரை அதன் உச்சம். கச்சான் மே மாதத்திலிருந்து ஓகஸ்ட், செப்ரெம்பர்வரை வறண்டு, சூடாக, புழுதியோடு வீசும். தாழ இறங்கும் தாழ்வாரமும் ஆறேழு அடி அகல விறாந்தையும் வாடை மழை சுவரில் நேரே படாமல் தடுக்கின்றன. முன்வாசல், மண்டபம், பின்வாசல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் காற்று ஊடறுத்துப் போகிறது. கதவுக்கு மேலே மரத்தில் வெட்டிய பூவேலைத் துவாரங்கள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. மேலே ஏறும் சூட்டுக்காற்று அறைக்கு அறை நகர்ந்து ஓட்டின் இடுக்கால் வெளியேறும் வழி அதுதான். அதைப் பலகையால் அடைத்துவிட்டு மின்விசிறி போட்டால், மேலே நிற்கும் சூட்டையே அது கீழே தள்ளும்.

குசினி தனியாகப் பின்னால் இருக்கும். நெருப்பும் புகையும் பிரதான கூரையை அண்டாமல் இருக்க அப்படிக் கட்டினார்கள். வீட்டோடு அதை ஒரு கூரையிட்ட நடைபாதை இணைக்கும்.

மரவேலையைக் கவனித்துப் பாருங்கள். இந்த நகரத்துப் போர்த்துக்கேயப் பறங்கியர் தச்சுக்கும் கொல்லு வேலைக்கும் பேர்பெற்றவர்கள். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியை இன்றும் பேசும் குடும்பங்கள் அவர்களிடையே இருக்கின்றன. நிலைகளுக்கு முதிரை, பாலை போன்ற வைர மரங்கள், கைமரத்துக்குப் பெரும்பாலும் முற்றிய பனை. நூறு ஆண்டு நின்ற முதிரை நிலையைக் கழற்றி விற்றுவிட்டுப் புது அலுமினியம் போடுவது பெரிய இழப்பு. அந்தத் தரத்தில் முதிரை இன்று எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று வீடும், வேலியில் சிறு வழியும், எல்லையில் பொதுக் கிணறும் ஏன்?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் வீடு பெண்ணுக்குப் போவது வழக்கம். தாய்வழிக் குடிமுறை நிலைத்த சமூகங்களில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்குத் தாங்கள் இருக்கும் வீட்டையே சீதனமாகக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் இளைய பிள்ளைகளோடு அதே வளவில் அல்லது பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிப் போவார்கள். அடுத்தவளுக்குக் கலியாணம் வந்தால் அந்த வீடும் கைமாறும். இப்படி அக்கா தங்கைமார் வீடுகள் வரிசையாக எழுகின்றன. பிள்ளைகள் ஓடித்திரிய வேலியில் ஒரு கடப்பு, பொதுவாக ஒரு கிணறு.

அக்கரைப்பற்று, காரைதீவுப் பக்கம் ஒழுங்கைகள் வளைந்து நெளிந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம். தெருவைக் கீறிவிட்டு அங்கே வளவு பிரிக்கவில்லை. வளவு பிரியப் பிரியத் தெரு உண்டானது. புளியந்தீவில் கோட்டையும் கச்சேரியும் முதலில் வந்ததால் பிரதான வீதிகள் ஓரளவு நேராக இருக்கும், ஆனால் வீட்டின் பின்பக்கம் போனால் அதே கடப்பு, அதே கிணறு.

இதை அறியாமல் வீடு வாங்குபவர்கள் சிக்கலில் விழுகிறார்கள். அதைப் பற்றி உறுதி சம்பந்தமான கேள்வியில் பார்ப்போம்.

சுவரின் அடியில் மூன்று நாலு அடி உயரத்துக்குப் பூச்சு உதிர்கிறது. சீமெந்து பூசியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. சீமெந்து பூசியதுதான் பிழை.

பழைய சுவரின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், சுவர் உலரும். வாவிக்கரை நிலத்தில் ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்கிறது. வெளியேற வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறி, சீமெந்து முடியும் இடத்தில் வெளியே வருகிறது. அங்கே நீர் ஆவியாகி உப்பு படிகமாகிப் பருக்கும்போது செங்கல்லின் முகமே கழன்று விழும். மூன்று அடியில் இருந்த ஈரம் சீமெந்து பூசிய பிறகு ஐந்து அடிக்குப் போனதென்றால் காரணம் இதுதான்.

வேலை முறை இது.

முதலில் வெளி நிலத்தின் மட்டத்தைப் பாருங்கள். வீதிக்குத் தார் போடும்போதெல்லாம் அது உயர்கிறது. அதோடு முற்றத்துக்கும் மண் போட்டு உயர்த்துகிறார்கள். முற்றம் வீட்டு நிலத்தைவிடக் குறைந்தது 15 சென்ரிமீற்றர் தாழ இருக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போட்ட சீமெந்துத் தளத்தை ஓர் அடி அகலத்துக்கு உடைத்தெடுத்துச் சரளைக்கல் நிரப்புங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீலி வைத்துத் தூரக் கொண்டுபோங்கள். பல வீடுகளில் இதைச் செய்ததுமே பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அடுத்து, சீமெந்துப் பூச்சை ஈரக் கோட்டுக்கு மேலே ஒன்றரை அடிவரை கழற்றுங்கள். சிறு உளியால் தட்டித்தான் எடுக்க வேண்டும், இயந்திரம் வேண்டாம். பூச்சோடு சேர்ந்து செங்கல்லும் பெயர்ந்து வரும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

பிறகு உலர விடுங்கள். ஏப்ரல் கடைசியில் கழற்றினால் கச்சான் முழுவதும் சுவரை உலர்த்தும். வெளியே பூக்கும் வெள்ளை உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்து உடனே பூசியவை அநேகமாக அடுத்த மாரியிலேயே உதிர்கின்றன.

கடைசியாகச் சுண்ணச்சாந்து. நீற்றிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு, அளவுப் பாத்திரத்தால் அளந்து. கடல் மணல் கூடாது, அதில் உப்பு இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று படையாக, ஒரு படை 10 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூசுங்கள். சுவரை நனைத்துவிட்டுப் பூச வேண்டும். கீழ்ப்படை நகத்துக்குப் பதியும் அளவு இறுகிய பிறகே மேல்படை. முதற்படையில் கீறல் போட்டால்தான் அடுத்தது பிடிக்கும். பூசியதை ஒரு வாரமாவது ஈரச்சாக்கால் மறைத்து வையுங்கள். கச்சான் நேரே பட்டால் ஒரே நாளில் வறண்டு வெடித்துப் பொடியாகும். அதனால் பூச்சு வேலைக்குச் செப்ரெம்பர் கடைசி நல்ல காலம்: சூடு தணிந்திருக்கும், மாரி தொடங்கியிராது.

அளவுக்கு: 10 சதுர மீற்றர் சுவருக்கு 20 மில்லிமீற்றர் தடிப்பில் மணல் 7 கன அடி, சுண்ணாம்புக் களி 70 லீற்றர் வரும். பழைய சுவர் மேடுபள்ளமாக இருப்பதால் இரண்டிலும் 15 சதவீதம் கூட்டி வாங்குங்கள்.

‘கொஞ்சம் சீமெந்து சேர்த்தால் சீக்கிரம் இறுகும்’ என்று மேசன் சொல்லுவார். இறுகும்தான். ஈரத்தை அடைக்கும் குணமும் அதோடு வந்துவிடும். சம்மதிக்க வேண்டாம்.

சுண்ணாம்பை எப்படித் தயார் செய்வது? முருகைக்கல் சுண்ணாம்பு கிடைக்குமா?

முன்பு முருகைக்கல்லையும் மட்டி, சிப்பி ஓடுகளையும் சூளையில் சுட்டு எடுத்தார்கள். கடலில் முருகைக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை. தடை சரியானதுதான், அந்தப் பாறைதான் கரையை அலையிலிருந்து காக்கிறது. பழைய கட்டடம் இடித்த இடத்தில் கிடைக்கும் முருகைக்கல்லைச் சுவர் அடைக்கப் பயன்படுத்தலாம்.

கடையில் பைகளில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூள் போதும், புதிதாக இருக்க வேண்டும். பை கிழிந்து நாட்பட்டுக் கிடந்தது காற்றுப் பட்டு உயிரிழந்திருக்கும், எவ்வளவு பூசினாலும் பிடிக்காது. தூளைப் பீப்பாயில் தண்ணீருக்குள் தூவிக் கிளறி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி, குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். மூன்று மாதம் ஊறினால் இன்னும் நல்லது, சாந்து வெண்ணெய் போல இழுபடும். சுட்டும் நீற்றாத சுண்ணாம்புக்கல்லை வாங்கி நீங்களே நீற்றப்போவதானால் கவனம்: தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. பிள்ளைகளைக் கிட்ட விடக் கூடாது.

சுவருக்கு எந்தப் பெயின்ற்?

சுண்ணாம்பு வெள்ளை. களியைப் பால் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடித்து, சுவரை நனைத்து, மெல்லியதாக நான்கு ஐந்து தரம், ஒவ்வொரு நாள் இடைவெளியில். முதல் தரம் அடித்தால் ஒன்றும் தெரியாது, காய்ந்தபின் வெளுக்கும். தடிப்பாக அடித்தால் செதிளாக உரியும். எமல்ஷன் சுவரை அடைக்கும், எனவே அடி ஈரமுள்ள சுவருக்கு ஆகாது.

ஓட்டை இறக்கிவிட்டுத் தகரமோ அஸ்பெஸ்ரஸோ போடலாமா?

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இந்த நகரத்தின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதன்பின் பலரும் கைக்கு எட்டிய சீற்றைப் போட்டார்கள். அன்றைய நிலையில் வேறு வழி குறைவு. இன்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

கலிக்கட் ஓட்டுக் கூரை சதுர மீற்றருக்கு 40 முதல் 45 கிலோ வரும். பழைய கூரைச் சட்டம் சுவரில் கட்டப்படாமல் அந்தப் பாரத்தாலேயே உட்கார்ந்திருக்கும். பாரமான ஓட்டை எடுத்துவிட்டு இலேசான தகரத்தை அதே சட்டத்தில் அடித்தால், காற்று உறிஞ்சி மேலே இழுக்கும்போது கைமரத்தோடு சேர்ந்தே தூக்கும். எந்தக் கூரை போட்டாலும் சுவரின் மேல் வளையை (கைமரம் உட்காரும் படுக்கை மரத்தை) இரும்புப் பட்டியால் சுவரோடும், கைமரத்தை வளையோடும் கட்ட வேண்டும். பட்டி சுவருக்குள் மூன்று நான்கு அடியாவது இறங்க வேண்டும். மேல் இரண்டு வரிக் கல்லோடு நின்றால் அந்தக் கல்லும் சேர்ந்து வரும்.

ஓட்டையே வைத்துத் திருத்துவதானால் ஜூன் முதல் செப்ரெம்பருக்குள் திறந்து மூடுங்கள். ஒரே நேரத்தில் முழுக் கூரையையும் திறக்காமல் ஒரு பக்கமாகச் செய்யுங்கள். 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 140 ஓடு போகும். ஓடு கொளுவும் சலாகைகளின் இடைவெளி பொதுவாகப் பன்னிரண்டரை அங்குலம். ஆனாலும் உங்கள் ஓட்டில் நான்கைக் கொளுவி அளந்து பார்த்த பிறகே அடிக்க வேண்டும், ஆலைக்கு ஆலை அளவு சற்று மாறும். தாழ்வார ஓரத்து இரண்டு வரியையும் முகட்டை ஒட்டிய வரியையும் கம்பியால் கட்டுங்கள். காற்று முதலில் பிய்ப்பது அங்கேதான்.

கைமரத்தின் கெடுதி பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த நுனியில் இருக்கும்: ஈரம், அதைத் தொடர்ந்து கறையான். திருப்புளியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த நுனி போய்விட்டது. முழு மரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்ட பாகத்தை வெட்டிவிட்டு, நல்ல மரத்தில் குறைந்தது இரண்டு அடி சாய்வு ஒட்டுப் போட்டு நட்டு இறுக்க, நல்ல ஓடாவிக்கு (தச்சருக்கு) தெரியும். புது நுனியைச் சுற்றிக் காற்றுப் போக விரலளவு இடைவெளி விடச் சொல்லுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் ஏற்கெனவே இருந்தால் அதை உடைக்கவோ துளைக்கவோ அரத்தால் தேய்க்கவோ கூடாது. நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்து நோயாக வரும்.

கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது. முன்பு நன்றாக இருந்ததே?

தீவின் அடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் மெல்லிய படையாக மிதக்கிறது. வாளியால் அள்ளும்போது மேல்படை மட்டும் வரும். மோட்டர் போட்டுத் தொடர்ந்து இழுத்தால் அடியில் உள்ள உவர் மேலேறும். குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வைத்து, சிறிது சிறிதாக இறையுங்கள். கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கருகே நிலத்துக்குள் இறங்க விடுவது உதவும். மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பழைய சிறு வளவுகளில் இது முடியாமற் போவதால், அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

பழைய வீட்டை வாங்கும்போது உறுதியில் எதைப் பார்க்க வேண்டும்?

தேசவழமைச் சட்டம் வடக்கு மாகாணத் தமிழருக்கானது, இங்கே செல்லாது. கிழக்குத் தமிழருக்குப் பொதுச் சட்டமே. ஆனாலும் தாய்வழி வழக்கத்தின் சுவடு உறுதிகளில் நிற்கும். சீதன உறுதி அல்லது நன்கொடை உறுதியில் தாய் தகப்பனின் சீவிய உரித்து (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமை) ஒதுக்கப்பட்டிருக்கிறதா, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். உறுதி எழுதாமல் வாய்ச்சொல்லால் கொடுத்த வீடுகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரிக்கப்படாத பங்கு இருக்கும். வீட்டில் இருக்கும் தங்கச்சி மட்டும் கையெழுத்து வைத்தால் போதாது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பின்னால் 1977ஆம் ஆண்டு 21ஆம் இலக்கப் பாகப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுக்குப் பின்னோக்கித் தேடுங்கள். பொதுக் கிணற்று உரிமையும் பின் கடப்பு வழியும் உறுதியில் எழுதப்பட்டிருக்கின்றனவா? நில அளவையாளரின் வரைபடம் வேலியோடு பொருந்துகிறதா? சோலைவரி (ஆதன வரி) பற்றுச்சீட்டு யாருடைய பெயரில்? வரி கட்டுவது உரித்தை நிரூபிக்காது, ஆனால் யார் அங்கே இருந்தார்கள் என்று காட்டும்.

பழைய வீட்டை இடிக்கச் சட்டத் தடை உண்டா?

1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடமானால் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. அதற்குப் பிந்தியதும் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம், தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். இவை இரண்டிலும் சேராத வீட்டுக்கு மாநகரசபை அனுமதியே கேட்கப்படும். அதாவது, புளியந்தீவின் பெரும்பாலான வீடுகளை அவற்றின் சொந்தக்காரரின் மனம் தவிர வேறெதுவும் காப்பதில்லை.

இடிப்பதைத் தவிர வழியில்லை என்றால்?

இடிக்கும் முன் அளந்து வரையுங்கள். 1:50 அளவில் ஒரு தளப்படம், நடுவால் வெட்டிய ஒரு குறுக்குப் படம், முன்முகப்பு ஒன்று. நாடாவும் தூக்குக்குண்டும் வைத்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரோடு இரு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். பழைய அறைகள் சரியான செங்கோணத்தில் இருப்பதில்லை, மூலைவிட்டம் இல்லாமல் வரைந்தால் படம் மூடாது. சுவர்த் தடிப்பைக் கதவு நிலையில் அளந்து, பூச்சின் தடிப்பைத் தனியாகக் குறியுங்கள். தூண், கதவு, துவாரப் பூவேலை ஒவ்வொன்றையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஓட்டு முத்திரையையும் மறக்காமல் எடுங்கள்.

பிறகு இறக்குவது மேலிருந்து கீழாக: முகடு, ஓடு, சலாகை, கைமரம், தீராந்தி. நிலையைச் சுவரோடு தள்ளி விழுத்த வேண்டாம். மேலேயுள்ள கல்லை எடுத்துவிட்டு, குறுக்குச் சட்டம் அடித்து, நிலையை முழுதாக எடுங்கள். கதவும் நிலையும் ஒரே இலக்கத்தோடு சேர்ந்து இருக்க வேண்டும், வேறு நிலைக்கு அந்தக் கதவு பொருந்தாது. சுண்ணச்சாந்தில் கட்டிய செங்கல் தட்டினால் முழுதாகக் கழன்று வரும், அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் திருத்தத்துக்கு அதைவிடப் பொருத்தமான கல் கிடையாது. ஓடுகளை நிறுத்தி அடுக்குங்கள். படுக்கையாக உயரமாய் அடுக்கினால் அடியில் உள்ளவை வெடிக்கும்.